இடக் கன்னத்துச் சுழி

திருவிழாவில் துப்பாக்கி சுட்டபடி வரிசையாகப் பாயும் குதிரையோட்டம் முடிந்து, லாரியில் ஏற்றக் காத்திருந்த எங்கள் குழுவின் குதிரைகளில் ஒன்பதைத் திருடர்கள் ஓட்டிக்கொண்டு போனார்கள். என் ஷஹ்பாவும் அதில் ஒன்று. மூன்று வாரம் எனக்குச் சோறு தண்ணீர் இறங்கவில்லை. குதிரைகள் பிடிபட்டுவிட்டன என்று சேதி வந்ததும் நானும் என் மனைவி இத்தோவும் எங்கள் ஊர் எல் ஹாஜெபிலிருந்து முதல் பேருந்தைப் பிடித்தோம். என் கையில் குதிரையின் அடையாளப் புத்தகம், பையில் ஒரு பிடி உலர்ந்த அத்திப்பழம். இனி என்ன கவலை என்றிருந்தேன்.

காவல் நிலைய முற்றத்தில் பதினான்கு குதிரைகள் நின்றன. எங்களுடையது ஒன்பது, வேறு ஊர்களில் திருடியது ஐந்து. பதினான்கில் ஆறு வெள்ளைப் பெட்டைகள். ஷஹ்பாவும் வெள்ளைதான். அப்போதெல்லாம் குதிரையின் கழுத்தில் மின்னணு அடையாளச் சில்லு வைக்கும் வழக்கம் எங்கள் பக்கம் வரவில்லை. புத்தகத்தில் குதிரையின் கோட்டுப்படம் ஒன்று இருக்கும். மயிர் எங்கெங்கே சுழித்திருக்கிறதோ அங்கெல்லாம் கால்நடை மருத்துவர் சிவப்பு மையால் குறி போட்டிருப்பார். ஒரு குதிரையின் சுழி இன்னொன்றுக்கு இருக்காது. வெள்ளைக் குதிரைக்கு அதுதான் சாட்சி.

சார்ஜென்ட் பெல்காஸிம் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டு ஷஹ்பாவைச் சுற்றி வந்தார்.

"நெத்தியில ஒண்ணு, சரி. கழுத்துல வலப்பக்கம் ரெண்டு, சரி. நெஞ்சுல ஒண்ணு, சரி. இடக் கன்னத்துல ஒண்ணு இருக்கே. புத்தகத்துல காணோமே?"

இத்தோ காதில் விழுந்துவிட்டதா என்று திரும்பிப் பார்த்தேன்; அவள் தள்ளி நின்று மற்றக் குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கன்னத்துச் சுழிக்கு எங்கள் பக்கம் அழுகைச் சுழி என்று பெயர். கன்னத்தில் அந்தச் சுழியுள்ள குதிரையை வைத்திருப்பவனின் மனைவி அழுவாள் என்பார்கள். அதனால்தான் ஏழு வருடத்துக்கு முன் அத்தனை நல்ல குதிரையை என் தலையில் கட்டினான் விற்றவன். இதை இத்தோவிடம் சொல்ல நான் என்ன பைத்தியமா? மருத்துவர் படம் குறிக்க வந்த அன்று, கொஞ்சுகிற சாக்கில் அந்தக் கன்னத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டே நின்றேன். அன்று வெள்ளிக்கிழமை. அவர் மதியச் சாப்பாட்டு அவசரத்தில் இருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டேன்.

"இது உன் குதிரை இல்ல. உரியவன் வரலைன்னா வியாழக்கிழமை சந்தையில ஏலத்துக்குப் போகும்" என்றார் சார்ஜென்ட்.

"ஐயா, கூப்பிட்டுப் பாக்குறேன், ஓடி வருவா!"

கூப்பிட்டேன். வந்தாள். அத்தி முழுவதையும் தின்றாள். சார்ஜென்ட் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு சர்க்கரைக் கட்டியை எடுத்து நீட்டினார். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அவரிடம் போய்விட்டாள்.

"இப்ப என் பேர்ல எழுதிக்கட்டுமா?" என்றார். ஏட்டுகள் சிரித்தார்கள். அந்த நேரத்தில் அவளை நாலு சாத்து சாத்தலாம் போலிருந்தது.

இத்தோ தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து சார்ஜென்ட் காதருகில் உண்மையைச் சொன்னேன். "பொறந்ததுலேருந்து இருக்கு ஐயா. நான்தான் மறைச்சேன்."

"எழுத்துல காட்டு. வாய்ல சொன்னா பதினாலும் உன்னுதுதான்."

எழுத்தில் ஓர் இடத்தில் இருந்தது. லல்லா மன்னானாவின் பதிவேட்டில்.

நான் குதிரை விட்டிருக்கும் லாயம் லல்லா மன்னானாவுடையது. நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் குதிரை எத்தனை படி பார்லி தின்றது, எவ்வளவு மிச்சம் வைத்தது, எல்லாம் எழுதுவார். குதிரையை விடும் நாளில் பல்லில் கீறல் இருந்தால்கூட எழுதிக் கையெழுத்து வாங்குவார். ஒருமுறை, 'ஹம்மூ வந்தான். ஒரு வேலையும் செய்யவில்லை. போனான்' என்று எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டுப் பெரிய சண்டை போட்டேன். ஷஹ்பாவை விட்ட அன்று அந்தச் சுழியையும் அவர் விடவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, என் மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்று கெஞ்சினேன். பிறகு அதையும் எழுதி வைத்தாரோ என்னவோ, தெரியாது.

பதிவேடு வந்தால் வீட்டில் பூகம்பம். வராவிட்டால் ஷஹ்பா ஏலத்தில். நல்லவேளை, அதிகம் யோசிக்கவில்லை. தொலைபேசியை எடுத்தேன்.

மூன்று மணிக்கு லல்லா மன்னானா வாடகைக் காரில் வந்து இறங்கினார். துணியில் சுற்றிய பழைய பதிவேட்டைக் குழந்தையைப் போல இடுப்பில் அணைத்திருந்தார். சார்ஜென்ட் வாங்கி உரக்கப் படித்தார். அவருக்குக் குரல் வேறு நல்ல குரல்.

"'வெள்ளைப் பெட்டை, ஷஹ்பா. நாலு குளம்பும் நலம். இடக் கன்னத்தில் அழுகைச் சுழி உண்டு. இது மனைவிக்குத் தெரியக் கூடாது என்று உரிமையாளர் ஹம்மூ கேட்டுக்கொண்டான்.'"

நான் தரையைப் பார்த்தேன்.

"ஆனா இந்த ஒரு வரிய நேத்து கூட எழுதியிருக்கலாமே?" என்றார் சார்ஜென்ட்.

லல்லா மன்னானாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாப்பது வருஷம் கோர்ட்டுல எழுதின கை இது! என்னப் பாத்தா பொய்க் கணக்கு எழுதுறவ மாதிரியா இருக்கு?" பிறகு இத்தோவைப் பார்த்தார். "மன்னிச்சுக்கோம்மா. வேற வழியில்ல. அடுத்த பக்கத்தத் திருப்புங்க சார்ஜென்ட்."

"'மதியம் இரண்டு மணி. ஹம்மூவின் மனைவி இத்தோ தனியாக வந்தாள். அழுகைச் சுழியைப் பார்த்தாள். தனக்குத் தெரியும் என்பது கணவனுக்குத் தெரியக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள்.' கீழ ஒரு கைரேகை இருக்கு."

சார்ஜென்ட் மைப்பெட்டியை நீட்டினார். இத்தோ கட்டை விரலை ஒற்றினாள். அவர் பூதக்கண்ணாடி வைத்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணுதான். பழைய ரேகையோட மை மங்கிப் பழுப்பேறியிருக்கு, இத ஒருத்தரும் நேத்து ஒத்தி வச்சிருக்க முடியாது. குதிரைய ஓட்டிக்கிட்டுப் போ."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. இத்தோ பக்கம் திரும்பினேன்.

"ஏழு வருஷமா தெரியுமா உனக்கு?"

"எப்பப் பாரு நீ அவளோட ஒரு கன்னத்தையே பொத்திக்கிட்டு நின்னா எவளுக்குத்தான் தெரியாது?" என்றாள் இத்தோ.

"பயமா இல்லையா?"

"உன்னக் கட்டினவளுக்கு அழறதுக்குன்னு ஒரு சுழி வேற வேணுமாக்கும்!"

ஏட்டுகள் மறுபடி சிரித்தார்கள். இந்த முறை எனக்குக் கோபம் வரவில்லை.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா வித்திருப்பே. அப்பத்தான் நான் அழுதிருப்பேன்." சொல்லிவிட்டு ஷஹ்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூன்று வாரமாக அடக்கி வைத்ததெல்லாம் உடைந்தது. அந்தப் பிசாசு அவள் தலைத்துணியை மென்றுகொண்டு நின்றது.

புத்தகப் படத்தின் இடக் கன்னத்தில் ஒரு சிவப்புக் குறி ஏறியது, பக்கத்தில் முத்திரை விழுந்தது. லாயத்துக்குத் திரும்பியதும் லல்லா மன்னானா புதுப் பதிவேட்டைத் திறந்தார். வாசிக்காமல் கையெழுத்துப் போடக் கூடாது என்பது அவர் சட்டம். அதனால் வாசித்தேன்.

'மாலை ஏழு மணி. ஷஹ்பா திரும்பினாள். கொஞ்சம் மெலிவு, குளம்பு நலம். மனைவி அழுதாள்.'

"இத எதுக்கு லல்லா எழுதுறீங்க?"

"சுழி சொன்னது நடந்துபோச்சில்ல? இனிமே அதுக்குப் பயப்பட வேண்டியதில்ல. போடு கையெழுத்த."

போட்டேன். பக்கத்தில் இத்தோ கட்டை விரலை ஒற்றினாள்.