பூனா போகிற வண்டி

வீரேந்திரன் காரை வேங்கிக்கால் ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தியபோது வெயில் ஏறியிருந்தது. பின் இருக்கையில் அவர் மனைவி சந்தனா. 

மெக்கானிக் அறிவுச்செல்வன் மீட்டரை எட்டிப் பார்த்தான். "மூணு லட்சத்தைத் தொடப் போவுது சார். எவ்ளோ தூரம் போறீங்க?"

"பூனா."

"யப்பா! டூரா?"

"பையன் அங்க இருக்கான். ரூமைக் காலி பண்ணணும்."

"வேலை மாறிட்டாரா?"

"ஆமா."

அவர்களுடைய ஒரே மகன் ஸ்ரேயாஸ் போன மாதம் இறந்துவிட்டான். வேலை முடிந்து திரும்பும்போது மழையில் பைக் சறுக்கியது. உடலை விமானத்தில் அனுப்பினார்கள். நேற்று பூனாவிலிருந்து வீட்டுக்காரர் அழைத்து, சாமான்களை எப்போது எடுப்பீர்கள் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். வந்து எடுத்துக்கொள்கிறோம் என்று வீரேந்திரன் சொன்னார். தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிற அதே குரலில்தான் சொன்னார்.

அறிவுச்செல்வன் பானெட்டைத் திறந்து ரப்பர் குழாய்களை அழுத்திப் பார்த்தான். ஒன்று விரிசல் விட்டிருந்தது. பெல்ட்டும் தேய்ந்திருந்தது. பின் டயர் இரண்டும் அவ்வளவு தூரம் தாங்காது என்றான். ஒவ்வொன்றுக்கும் வீரேந்திரன், "மாத்திடு" என்றார்.

"வரும்போது லோடு ஜாஸ்தி இருக்குமா சார்? ஃபிரிட்ஜு, கட்டில்லாம் இருந்தா பின்னாடி ஸ்பிரிங்கையும் பாக்கணும்."

வீரேந்திரனுக்குத் தெரியவில்லை. அந்த அறைக்கு அவர் போனதே இல்லை.

"ஒரு மெத்தை. துணி. ஒரு குக்கர். அவ்ளோதான்" என்றாள் சந்தனா, காருக்குள்ளிருந்து. மகன் வீடியோவில் பேசும்போது பின்னால் தெரிந்தவை அவை.

அறிவுச்செல்வன் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினான். இன்ஜின் ஓடத் தொடங்கியும் மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு அணையவில்லை.

"சார், இது பிரேக் லைட்டு. எத்தினி நாளா எரியுது?"

"தெரியலப்பா. நான் பாக்கல."

"எரிஞ்சிட்டுதான் இருந்துச்சு" என்றாள் சந்தனா. "ஏர்போர்ட்லேர்ந்து வரும்போதே பாத்தேன். சொல்லணும்னு தோணல."

அறிவுச்செல்வன் திரும்பினான். "என்னம்மா நீங்க? மெட்ராஸ்லேர்ந்து இப்படியேவா வந்தீங்க? பிரேக் புடிக்காம போயிருந்தா?"

"முன்னாடி ஆம்புலன்ஸ் போச்சு. அது பின்னாடியே வந்தோம்." அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "அதுலதான் பையன் இருந்தான்."

அறிவுச்செல்வன் இன்ஜினை அணைத்தான். கொஞ்ச நேரம் கைகளைப் பழந்துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"நான் பாட்டுக்கு டூரான்னு கேட்டுட்டேன் சார்."

"உனக்கு எப்படித் தெரியும்? விடு" என்றார் வீரேந்திரன். அவனைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருந்தது. மகனை நினைத்துத் தனக்கு ஒன்றும் தோன்றாதது கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

பிரேக் கட்டைகள் இரும்புவரை தேய்ந்திருந்தன. புதியவை போட்டு முடிக்க மாலையாயிற்று.

"டிரைவர் ஒருத்தரைப் போட்டுக்கங்க சார். எனக்குத் தெரிஞ்சவர் இருக்காரு."

"வேணாம்" என்றாள் சந்தனா. "வெளியாளு இருந்தா பேசிட்டே வரணும். பாதி தூரம் நான் ஓட்டுறேன்."

"அப்ப ஒரு ரவுண்டு ஓட்டிக் காட்டுங்கம்மா. பிரேக் புதுசு, பழகிக்கங்க."

அவள் ஓட்ட, அறிவுச்செல்வன் பக்கத்தில் உட்கார்ந்தான். வீரேந்திரன் பின்னால். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை தாண்டும்போது ஒரு மாடு குறுக்கே வந்தது. சந்தனா அழுத்தி மிதித்தாள். கார் நேராக நின்றது. மாடு போன பிறகும் அவள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார்.

"போலாம்மா. நல்லா நிக்குது" என்றான் அறிவுச்செல்வன் மெதுவாக.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள். முதலில் சந்தனா ஓட்டினாள். செங்கம் தாண்டி, சிங்காரப்பேட்டையில் சாப்பிட இறங்கினார்கள். வீரேந்திரன் இட்லியைத் தின்று முடித்து இன்னும் இரண்டு கேட்டார். கேட்ட பிறகுதான் தனக்குப் பசித்தது அவருக்குத் தெரிந்தது. சந்தனாவைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

அவள் சட்னிக் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"சாப்பிடுங்க. இனிமே நீங்கதான் ஓட்டணும். எனக்கு இப்பதான் தூக்கம் வருது."