எழுத்தாளர் இல்லத்தில் இன்னும் சில நாட்கள்

ஹங்கேரியிலிருந்து பதில் வந்தபோது லியெர்கா மத்தி மீன் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். கையெல்லாம் செதில். சுட்டுவிரலை மட்டும் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஃபோனைத் திறந்தாள். "உங்கள் எழுத்தின் மீது எங்கள் நடுவர் குழுவுக்கு மிகுந்த மதிப்பு உண்டு" என்ற வரியோடு நிறுத்திக்கொண்டாள். மதிப்பில் ஆரம்பிக்கும் கடிதங்கள் எங்கே போய் முடியும் என்று அவளுக்குத் தெரியும். குளிர்காலத்துக்கு அவள் விண்ணப்பித்திருந்த எழுத்தாளர் இல்லங்களில் அதுதான் கடைசி.

மீனை அப்படியே போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். வெள்ளிக்கிழமை இந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

வீடு ஒரு சிறிய தீவின் துறைமுகத்துக்கு மேலே, கல் படிகள் முடியும் இடத்தில் இருந்தது. தலைநகர் ஸாக்ரெப்பில் இருக்கும் ஓர் அறக்கட்டளை அதை வாங்கி, எழுத்தாளர்களை மூன்று மூன்று மாதமாகத் தங்க வைத்தது. தங்க இடம், மாதாமாதம் ஒரு தொகை. பதிலுக்குத் தீவுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் எழுத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். அறக்கட்டளை அனுப்பிய பாடத்திட்டத்தில் முதல் பயிற்சியின் தலைப்பு 'என் வீடு'. லியெர்கா அதைத் தாண்டிப் போய் இரண்டாவதிலிருந்து ஆரம்பித்தாள்.

அவளுடைய வீடு பெட்ரின்யாவில் இருந்தது. நான்கு வருடம் முன்பு வந்த நிலநடுக்கத்தில் அந்தக் கட்டடம் நடுவில் பிளந்தது. பொறியாளர் வந்து குடியிருக்கத் தகாதது என்று கதவில் சிவப்புத் தாளை ஒட்டிவிட்டுப் போனார். இடிந்த வீட்டுக்காரர்களுக்கு ஊருக்கு வெளியே வரிசை வரிசையாகத் தகரப் பெட்டி வீடுகள் வைத்தார்கள். லியெர்கா போய்ப் பார்த்தாள். பக்கத்துப் பெட்டியில் ஒருவர் இருமினால் இந்தப் பெட்டியில் தேநீர்க் கோப்பை அதிர்ந்தது. இரண்டு நாவல், ஒரு சிறுகதைத் தொகுப்பு, தேசிய வானொலியில் பேட்டி; இதையெல்லாம் தூக்கிக்கொண்டு இங்கே வந்து உட்காருவதா என்று திரும்பிவிட்டாள். அந்த மாதமே ஸ்லோவேனியாவில் ஓர் எழுத்தாளர் இல்லத்தில் இடம் கிடைத்தது. அதன் பிறகு ஆஸ்திரியா, செர்பியா, மறுபடி ஸ்லோவேனியா. நடுவில் விழும் வாரங்களில் தோழிகளின் வீட்டுச் சோபா. "சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்று சொல்லிக்கொண்டு போவாள். கடைசித் தோழி போன கோடையில், "இந்தத் தடவ எத்தன நாளு லியெர்கா?" என்று வாசற்படியிலேயே கேட்டாள். அந்தக் கதவும் சாத்தியாகிவிட்டது.

இந்த நான்கு வருடத்தில் அவள் எழுதியது விண்ணப்பங்கள்தான். நாவல் ஒன்று இருந்தது, ஒரு பல் வைத்தியர் குடும்பத்தின் கதை. நதிகளைப் பற்றி எழுதுவோருக்கு உதவித்தொகை என்று அறிவிப்பு வந்தால் பல் வைத்தியரின் வீடு ஆற்றங்கரைக்குப் போகும். புலம்பெயர்ந்தோரைப் பற்றி என்றால் அவருடைய மனைவி அகதியாவாள். இந்தத் தீவுக்காக அவருடைய மகளைக் கப்பலேற்றி அனுப்பியிருந்தாள். விண்ணப்பம் ஒவ்வொன்றும் நன்றாக வந்தது. நாவலில் மட்டும் அறுபது பக்கத்துக்கு மேல் நகரவில்லை.

படியில் காலடி கேட்டது. பெரினா. வீட்டுச் சாவியும் துடைப்பமும் அவள் பொறுப்பு. அறுபதைத் தாண்டிய கைம்பெண், வாய் ஓயாது.

"வெள்ளிக்கிழமக் காலப் படகுதான? பெட்டியத் தூக்க என் மச்சினன வரச் சொல்லட்டா?"

"வேணாம் பெரினாக்கா. சின்னப் பெட்டிதான்."

"அடுத்து எங்க?"

"ஹங்கேரி" என்றாள் லியெர்கா. வாய் தானாகச் சொன்னது.

"பாத்தியா! ஒனக்கு வாய்ச்ச மாதிரி யாருக்கு வாய்க்கும். எவனோ காசு குடுக்குறான், நீ ஊர் ஊராச் சுத்துற. நான் அக்கரைல இருக்குற ஸ்ப்ளிட்டத் தாண்டிப் போனது ரெண்டே தடவ. ரெண்டும் ஆஸ்பத்திரிக்கு." பெரினா சட்டியை எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, மீனப் பாதியில போட்டுட்டு ஒக்காந்திருக்க? பூனை வரும்."

மீதி மீனைப் பெரினாவே சுத்தம் செய்து, உப்புத் தூவி வைத்துவிட்டுப் போனாள்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் பெரினாவின் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டியிருந்தது. அடுத்து வருபவரின் பெயர் ஸ்பாஸே, மாசிடோனியாக்காரர், கீழே ஃபோன் எண். லியெர்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த ஆள் வராமல் இருந்தால்? ஒரு மாதம், ஒரே ஒரு மாதம். போலந்தில் ஜனவரிக்கு ஓர் இடம் காலியாகப் போவதாகக் கேள்விப்பட்டிருந்தாள். அதுவரை தாக்குப் பிடித்தால் போதும். பெரினா ஸாக்ரெப்புக்கு ஃபோன் செய்யவே மாட்டாள். படித்தவர்களோடு பேச அவளுக்குக் கூச்சம். எல்லாம் சுலபமாகத் தெரிந்தது. சுலபமாகத் தெரிந்ததுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. எழுந்து கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அந்த எண்ணை அழுத்தினாள்.

"ஹலோ?" பின்னால் பேருந்து இரைச்சல்.

"மிஸ்டர் ஸ்பாஸேங்களா? அறக்கட்டளை ஆபீஸ்லேர்ந்து பேசுறேன்."

"ஐயோ, சொல்லுங்க மேடம்! நானே கூப்பிடணும்னு இருந்தேன். கெளம்பிட்டேன். ஸ்கோப்யேலேர்ந்து பஸ் ஏறியாச்சு. ரெண்டு நாள் முன்னாலயே வர்றேன், ஸ்ப்ளிட்ல சும்மா சுத்திப் பாத்துட்டு..."

அவன் குரலில் இருந்த சந்தோஷம் அவளை ஒரு கணம் தடுமாற வைத்தது.

"ஒரு சிக்கல் ஆயிடுச்சு. வீட்ல பாய்லர் வெடிச்சிடுச்சு. வெந்நீர் கெடையாது, ஹீட்டர் கெடையாது. சரி பண்ண ஜனவரி ஆயிடும். நீங்க ஜனவரில வந்தா..."

பேருந்தின் இரைச்சலுக்கு மேலே அவன் குரலை உயர்த்தினான்.

"மேடம், நான் பள்ளிக்கூட வாத்தியார். மூணு மாசம் சம்பளமில்லா லீவு போட்டிருக்கேன். என் ரூம வாடகைக்கு விட்டுட்டேன், ஒரு மாணவன் குடிவந்துட்டான். எனக்குத் திரும்பிப் போக எடம் இல்ல."

லியெர்கா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தக் கடைசி வாக்கியத்தை இத்தனை வருடமாக அவளே யாரிடமும் சொன்னதில்லை. இவன் முகம் தெரியாத ஒருத்தியிடம் இவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டான். இப்போதுகூட, 'தப்பாச் சொல்லிட்டேன், வாங்க' என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது.

"மன்னிச்சுக்குங்க. எங்களால ஒண்ணும் செய்ய முடியல" என்றாள். அவளுக்கு வந்த நிராகரிப்புக் கடிதங்களின் குரல் அச்சு அசலாக அவள் வாயிலிருந்து வந்தது.

மறுநாள் பெரினாவிடம், அடுத்த ஆள் ஜனவரிக்குத் தள்ளிப் போய்விட்டதாகவும், அதுவரை தன்னையே இருக்கச் சொல்லி ஸாக்ரெப்பில் கேட்டுக்கொண்டதாகவும் சொன்னாள்.

"அப்ப ஹங்கேரி?"

"அவங்க பொறுத்துக்குவாங்க."

"எல்லாரும் ஒனக்காகப் பொறுத்துக்கிறாங்க" என்று பெரினா சிரித்தாள். "சரி, நல்லதாப் போச்சு. எனக்கும் காப்பிக்குத் துணை."

வெள்ளிக்கிழமை மலைக்காற்று இறங்கியது. கடல் வெள்ளையாய் நுரைத்தது; படகுகள் நின்றன. ஜன்னல் பலகைகள் இரவும் பகலும் அடித்துக்கொண்டன. லியெர்கா காற்றுக்கு நன்றி சொன்னாள். யாரும் வர முடியாது, யாரும் போக முடியாது. மேசையில் உட்கார்ந்து நாவலைத் திறந்தாள். பல் வைத்தியரின் மகள் தீவில் கரையேறி நின்றாள். அவள் அடுத்து எங்கே போவாள் என்று லியெர்காவுக்குத் தெரியவில்லை. பேருந்தில் இருந்தவன் எங்கே போனான் என்ற நினைப்புத்தான் திரும்பத் திரும்ப வந்தது. ஸ்கோப்யேவுக்கே திரும்பியிருப்பான். யாராவது நண்பன் இருப்பான். இளவயது, சமாளித்துக்கொள்வான். சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். பாய்லர் கடகடவென்று ஓடி வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு மட்டும் குளிர் விடவில்லை.

திங்கட்கிழமை காற்று அடங்கியது. முதல் படகு வந்த அரை மணி நேரத்தில் பெரினா கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு வந்தாள். அவள் பின்னால் ஓர் ஆள். முப்பத்தைந்து வயதிருக்கும், மூன்று நாள் தாடி, தோளில் ஈரமான பை. வாசலிலேயே நின்று இருமினான். நிற்காத இருமல்.

"இந்தப் புள்ளயப் பாரு லியெர்கா. ஸ்ப்ளிட் பஸ் ஸ்டாண்டு பெஞ்சுலயே மூணு நாளும் கெடந்திருக்கு, படகு ஓடாம. ஓட்டலுக்குப் போகக் காசு இல்லையாம். நீ ஜனவரின்னு சொன்ன, இவன் இப்ப வந்து நிக்கிறான்."

"ஜனவரில வரச் சொன்னாங்க மேடம்" என்றான் அவன், சிரிக்க முயன்றபடி. "பாய்லர் வெடிச்சிடுச்சுன்னு ஆபீஸ்ல ஒரு அம்மா ஃபோன் பண்ணாங்க. படகு நின்னு கெடந்தப்ப ஆபீசுக்கு அடிச்சேன், சனி ஞாயிறு, யாரும் எடுக்கல. போறதுக்கு எடமில்ல. ஹீட்டர் இல்லாட்டி என்ன, கோட்டப் போட்டுட்டுத் தூங்கிக்கலாம்னு வந்துட்டேன்."

"பாய்லரா?" பெரினா சுவரில் பொருத்தியிருந்த ஹீட்டர் கம்பிகளின் மேல் கை வைத்துப் பார்த்தாள். "கையச் சுடுது. எவ சொன்னா வெடிச்சிடுச்சுன்னு?"

சமையலறையில் மூன்று பேரும் நின்றார்கள். யாராவது உட்கார்ந்தால் தேவலை என்று லியெர்காவுக்குத் தோன்றியது.

"நான்தான் சொன்னேன்" என்றாள்.

அவன் முதலில் புரியாமல் பார்த்தான். அவள் குரலை இன்னொரு முறை மனதுக்குள் கேட்டுப் பார்ப்பது போலத் தலையைச் சாய்த்தான். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது.

"எனக்குத் திரும்பிப் போக எடமில்லன்னு சொன்னேனே. கேட்டுச்சா ஒங்களுக்கு?"

"கேட்டுச்சு."

"பஸ் சத்தத்துல கேக்கலையோன்னு நெனச்சேன்."

"இல்ல. நல்லாக் கேட்டுச்சு. எனக்கும் எடமில்ல. அதனாலதான்."

அவள் பெட்ரின்யாவைப் பற்றிச் சொன்னாள், சிவப்புத் தாளைப் பற்றி, சோபாக்களைப் பற்றி. சொல்லும்போதே அது விண்ணப்பம் எழுதுவதுபோல ஒலிப்பதைக் கேட்டாள்; பாதியில் விட்டுவிட்டாள். ஸ்பாஸே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பெரினாதான் வழி கண்டுபிடிக்கப் பார்த்தாள். "பின்னால ஒரு ரூம் இருக்கு, தட்டுமுட்டுச் சாமான் கெடக்குது. ஒதுக்கிக் குடுத்தா இவ ஒரு மாசம்..."

"வேணாம்" என்றான் ஸ்பாஸே. கோபமாகச் சொல்லவில்லை. "அவங்க நெலம எனக்குப் புரியுது. ஆனா என்னால அவங்களோட ஒரே வீட்ல ஒக்காந்து எழுத முடியாது. ஒவ்வொரு தடவ அவங்க பேசும்போதும் அந்த ஃபோன்தான் ஞாபகம் வரும்."

ஸாக்ரெப்புக்கு லியெர்காவே ஃபோன் செய்தாள். திட்டப் பொறுப்பாளர் லோவொர்கா முழுவதையும் கேட்டாள்.

"லியெர்கா, போன வருஷம் ஒங்களுக்கு இந்த எடம் வேணும்னு நடுவர் குழுவுல சண்ட போட்டவ நான். இத மேலெடத்துல சொல்லித்தான் ஆகணும். மத்த இல்லங்களும் கேப்பாங்க. நாங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் தெரிஞ்சவங்க."

"தெரியும்."

"வீடு இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"விண்ணப்பத்துல அதுக்கு எடம் இல்லையே" என்றாள் லியெர்கா. குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே இல்லை.

மாலைப் படகுக்குப் பெரினா துணைக்கு வந்தாள். வேண்டாம் என்றாலும் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டாள். படி இறங்கும் வரை வாயைத் திறக்கவில்லை. பெரினா பேசாமல் நடந்ததை லியெர்கா அன்றுதான் பார்த்தாள். துறைமுகத்துக்கு வந்ததும் வெடித்தாள்.

"மூணு மாசம்! மூணு மாசம் தெனம் ஒன்னோட காப்பி குடிச்சேன். ஆஸ்திரியா, செர்பியான்னு நான் பொறாமப்பட்டுட்டுக் கெடந்தேன். நீ போக்கெடம் இல்லாமத் திரிஞ்சிருக்க. என்கிட்டச் சொல்றதுக்கு என்னடி?"

"சொன்னா எழுத்தாளர்ங்கிற மரியாத போயிடும்னு நெனச்சேன் அக்கா."

"எனக்கென்னடி எழுத்தாளரு! ஒன் புஸ்தகத்த நான் ஒரு பக்கம் படிச்சதில்ல. கூடப் பேச ஆள் இருக்குன்னு வந்தேன்." பெரினா மூக்கைச் சிந்தினாள். "அந்தப் புள்ளைக்கு இன்னைக்கு சூப்பு வச்சுக் குடுக்கணும். நெஞ்சுல சளி. நீ செஞ்சது தப்பு, பெரிய தப்பு."

"ஆமா."

"போ. ஏறு. படகுல கீழ ஒக்காரு, மேல காத்தடிக்கும்."

படகு கரையை விட்டதும் லியெர்கா பெட்ரின்யா நகராட்சிக்கு ஃபோன் செய்தாள். அதற்கு முன் அவள் அந்த எண்ணை ஒருமுறைகூட அழைத்ததில்லை. எடுத்த பெண் பெயரைக் கேட்டுவிட்டு விசைப்பலகையைத் தட்டினாள்.

"ஒங்க பேர்ல ஒரு எடம் ஒதுக்கியிருந்தாங்க. நீங்க வராததால வேற குடும்பத்துக்குக் குடுத்தாச்சு. இப்ப ஒண்ணு காலியா இருக்கு, கடைசி வரிசை. கூரை ஒழுகும். பரவால்லையா?"

"வர்றேன்."

"எத்தன நாளைக்கு?"

"தெரியல" என்றாள் லியெர்கா.

"தெரியாட்டியும் பரவால்ல. கட்டடம் எழும்புற வரைக்கும் இருக்கலாம். அது எப்பன்னு எங்களுக்கே தெரியாது."

டிசம்பர் முழுக்க அவள் எழுதவில்லை. பக்கத்துப் பெட்டியில் ஒரு தறிப்பட்டறைக்காரர், இருமுவார். அந்தப் பக்கத்தில் ஒரு தாயும் இரண்டு பெண்களும், நாளெல்லாம் தொலைக்காட்சி. காலையில் ஒரு பேக்கரியில் ரொட்டி அடுக்கும் வேலை கிடைத்தது. போலந்துக்கு அனுப்பிய விண்ணப்பத்துக்குப் பதிலே வரவில்லை. கூரைக்கடியில் வைத்த வாளியில் தண்ணீர் சொட்டும் சத்தத்தில் தூக்கம் கலைந்து எழும்போதெல்லாம் பேருந்து நிலையத்து பெஞ்சு நினைவுக்கு வரும். ஸ்பாஸேவுக்கு மன்னிப்புக் கேட்டு ஒரு செய்தி அனுப்பினாள். படித்துவிட்டான் என்று தெரிந்தது, பதில் இல்லை. அவனிடம் அதற்குமேல் எதிர்பார்க்கத் தனக்கு உரிமை இல்லை என்று விட்டுவிட்டாள்.

ஜனவரியில் ஒரு நாள் பக்கத்துப் பெட்டிக்காரர் கதவைத் தட்டினார். ஒழுகும் கூரையில் ஒட்டும் தார்த்தாள் ஒரு சுருள் கையில் இருந்தது.

"நீங்கதான் எழுதுறவங்களாமே?"

"எழுதிட்டிருந்தேன்."

"அதெல்லாம் இருக்கட்டும். ஏணியப் புடிச்சுக்கத் தெரியுமா? எனக்கு மேல ஏறினா தல சுத்தும், ஆனா ஒங்கள விட நான் கனம் கம்மி, தகரம் தாங்கும்."

லியெர்கா கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். தரையெல்லாம் உறைபனி. இரண்டு கையாலும் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் இருமிக்கொண்டே மேலே ஏறினார்.