ஆயிலுக்குப் போகாத காற்று

அக்காவும் தம்பியும் கார் ஷெட்டில் நான்கு வருடம் பாடுபட்டுக் கட்டிய குட்டி விமானம் அது. அக்கா லாரி மெக்கானிக் என்பதால் இன்ஜின் அவள் பொறுப்பு. தம்பி ஓட்டுவான்.

மூன்றாவது தடவை, அவளும் பக்கத்து சீட்டில் இருக்க, மேலே ஏறும்போது ஆயில் சூடு நூற்றிருபது டிகிரியைத் தாண்டியது.

“மீட்டர் பொய் சொல்லுதுக்கா.”

“நேத்துதான் கொதிக்கிற தண்ணியில வச்சுப் பாத்தேன். சரியா நூறு காட்டுச்சு. இறக்குடா!”

அவன் முணுமுணுத்துக்கொண்டே இறக்கினான். சக்கரம் தரையைத் தொடும்வரை அவள் மீட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இன்ஜின் மூடியைத் திறந்ததும் விஷயம் புரிந்தது. ஆயில் கூலருக்குக் காற்று கொண்டுபோகும் குழாயில் யாரோ ஓட்டை போட்டு, இன்னொரு குழாயைச் சொருகி, சீட்டுப் பக்கம் திருப்பியிருந்தார்கள்.

“உள்ள ஒரே புழுக்கம்க்கா. கேட்டா வேணாம்ப, அதான் சொல்லல.”

அவள் கத்தவில்லை. “வேற என்னெல்லாம் மாத்தின?” என்று மட்டும் கேட்டாள்.

“சத்தியமா வேற ஒண்ணுமில்ல.”

ஓட்டையை அடைத்தாள். ஒரு வாரம் ஒவ்வொரு போல்ட்டாகச் சோதித்தாள். தப்பு எதுவும் அகப்படவில்லை. அடுத்த தடவை சூடு தொண்ணூற்றிலேயே நின்றதாம். அவன்தான் இறங்கி வந்து சொன்னான். அன்று அவன் எவ்வளவு கெஞ்சியும் அவள் பக்கத்து சீட்டில் ஏறவில்லை.