இரண்டு முறை கழித்த மஞ்சள்

துளியின் கைக்கு அந்தப் போன் வந்து நான்கே நாள்கள் ஆகியிருந்தன. அதற்குள் அவள் அதைப் பாதாதிகேசமாகப் பாடத் தொடங்கியிருந்தாள். அடியிலே ஹெட்போன் துளை. விலை மிகுந்த போன்களெல்லாம் செருக்கினால் அடைத்துக்கொண்ட துளை. இடையிலே இரண்டு சிம்முக்கு இடம். எந்தக் கம்பெனி சிம்மையும் முகம் சுளிக்காமல் ஏற்கும், எந்தக் கம்பெனிக்கும் அடிமையோலை எழுதித் தராத போன். முதுகிலே விரல் வைத்தால் திறக்கும் வட்டம். வயிற்றிலே இரண்டு நாள் பசி தாங்கும் பேட்டரி. உச்சியிலே டார்ச். பேசினால் தெருக்கோடிவரை கேட்கும் குரல்.

குறைகளையும் அவள் மறைத்தாளில்லை. மனம் பறிகொடுத்தவர்கள் குறைகளைத்தான் கூடுதல் வாஞ்சையோடு சொல்வார்கள். கேமராவைத் தொட்டால், அது கண் விழிப்பதற்குள் அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்து கொண்டை போட்டுவிடலாம். முகம் காட்டித் திறக்கும் வசதியை அவள் பதிவு செய்தது பெயின்ட் கடையில், புருவமெல்லாம் வெள்ளைப் பொடி படிந்திருந்த வேளையில். ஆதலால் மாலையில் குளித்துத் துடைத்துக்கொண்டு எதிரே நின்றால், யாரம்மா நீ என்று கேட்பதுபோல் பார்த்துக்கொண்டு பூட்டியே கிடக்கும்.

அந்தக் கடையில் நிறம் கலப்பதுதான் அவள் வேலை. வெள்ளை பேஸ் டப்பாவைத் திறந்து, ஸ்டெய்னர் என்னும் சாயப் புட்டிகளிலிருந்து மஞ்சளையும் நீலத்தையும் கறுப்பையும் துளித் துளியாக இறக்கி, கேட்ட நிறத்தைக் கேட்டபடியே வரவழைப்பாள். அதனாலேதான் துளி என்று பெயர். இட்ட பெயரை வீட்டிலேயே மறந்துவிட்டார்கள்.

அவளுடைய அண்ணன் மனைவி சுவருக்குப் பெயின்ட் அடிப்பவள். அண்ணியும் நாத்தனாரும் ஒரே நாளில், ஒரே கடையில், ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கினார்கள். ஒன்று வாங்கினால் வீடு இரண்டாகும் என்பது இருவருக்கும் தெரியும். அண்ணியின் கஷ்டம் வேறு. இருபது வருடம் உப்புத்தாள் பிடித்துத் தேய்த்ததில் அவள் விரல்களின் ரேகை மழுங்கிப்போயிருந்தது. எந்த விரலை வைத்தாலும் போன் ஏற்கவில்லை. கடைசியில் அவள் யோசித்து, செருப்பைக் கழற்றி, வலது காலின் கட்டை விரலைப் பதிவு செய்தாள். அது ஒரே தொடுதலில் திறந்தது.

"ஏணியில நிக்கிறப்போ ரெண்டு கையும் பெயின்ட்தானே. காலுதான் சும்மா இருக்கு. நல்லதாப் போச்சு," என்றாள்.

இருவரும் சேர்ந்து தனியாகத் தொழில் தொடங்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அதற்கு வாசல் திறந்தவர் ஒரு பல் டாக்டர். மூன்று மாடிக் கட்டடம் அவருடையது. காத்திருப்பறையில் ஒரு பழைய அலமாரியை எடுத்துவிட்டதால், இளம்பச்சைச் சுவரின் நடுவே ஆளுயரத்துக்குப் பெயின்ட் காணாத ஒரு வெள்ளைத் திட்டு தெரிந்தது. அதை மூட வேண்டும். மூடிய இடம் தெரியக் கூடாது.

"பொய்ப்பல் கட்டுறப்போ பக்கத்துப் பல்லோட நிறம் பார்த்துச் சேர்க்கிற கண்ணும்மா இது," என்று தம் கண்ணைத் தாமே சுட்டிக்காட்டினார் டாக்டர். "நாலு மணிக்கு வந்து பார்ப்பேன். ஒட்டுப்போட்ட இடத்தை நான் கண்டுபிடிச்சிட்டா, வணக்கம் சொல்லிப் பிரிஞ்சிடலாம். கண்டுபிடிக்க முடியலைன்னா மூணு மாடியும் உங்களுக்கு."

கடை முதலாளிக்கும் செய்தி எட்டிற்று. அவர் பொல்லாதவர் அல்லர். ஆனால் இரண்டும் கெட்டான் நிலை அவருக்குப் பிடிக்காது. "ஒரு கால் இங்கயும் ஒரு கால் அங்கயும் வச்சுக்கிட்டு நிக்காத, துளி. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சொல்லு, இருக்கியா போறியான்னு. உன் இடத்துக்கு ஒரு பொண்ணு கேட்டுக்கிட்டு இருக்கு."

ஆக, அன்று மாலைக்குள் ஒரு சுவர் அவளுடைய வாழ்வை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும்.

வழக்கம் என்னவென்றால், அண்ணி சுவரிலிருந்து நகக்கண் அளவு சில்லு ஒன்றைச் சுரண்டிக்கொண்டு கடைக்கு வருவாள். துளி அதைப் பார்த்துக் கலப்பாள். அன்று காலை அண்ணி சில்லு எடுக்கவில்லை. கிளியையும் நாரையையும் மேகத்தையும் தூது விட்டவர்களெல்லாம் பாவம், கையில் போன் இல்லாதவர்கள். ஒன்பது மணிக்கு அவள் சுவரைப் படம் எடுத்து அனுப்பினாள்.

படம் வந்தது. துளி அதை வெளிச்சத்தில் ஏந்திப் பார்த்தாள். முதல் நாளே நிறப் பட்டையை வைத்துச் சோதித்து, இந்தக் கேமரா எதையும் ஒரு சாயல் கூடுதல் மஞ்சளாகக் காட்டும் என்று அவள் அறிந்திருந்தாள். ஆகவே படத்தில் தெரிந்த பச்சையிலிருந்து அந்த மஞ்சளை மனத்திலேயே கழித்துவிட்டு, மிச்சத்தை டப்பாவில் கலந்து, கடை வண்டியில் கொடுத்தனுப்பினாள். அப்போது அவளுக்கு உள்ளங்கால் தரையில் பாவவில்லை. மூன்று மாடி. முன்னறை, பின்னறை, படிக்கட்டு. கடைக்கு வந்தவர் சாம்பல் நிறம் கேட்டபோது, "மூணு மாடிக்கா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டு மணிக்கு வீடியோ அழைப்பு வந்தது. திரையில் முதலில் தெரிந்தது ஒரு பெரிய பாதம்.

"அண்ணி, காலை எடுங்க. உங்க முகம் தெரியல."

"முகத்தைப் பார்த்து என்ன பண்ணப் போற? சுவரைப் பாரு." பாதம் விலகிற்று. அண்ணி ஏணியின் நடுப்படியில் நின்றுகொண்டு போனைத் திருப்பினாள். "காஞ்சிடுச்சு. குளிர்ல நடுங்குறவன் மாதிரி நீலம் பாரிச்சுக் கிடக்கு. தூரத்துலேருந்தே கூப்பிடுது."

துளி போனைக் கண்ணருகே கொண்டுவந்தாள். "நீங்க படம் அனுப்புறப்போ ஏதாவது பண்ணினீங்களா?"

"நான் என்ன பண்ணப் போறேன்? இருக்குறதை இருக்குறபடியே அனுப்பினேன்." ஏணியில் உலர்ந்த ஒரு சொட்டை நகத்தால் சுரண்டினாள். "கொஞ்சம் சரி பண்ணித்தான் அனுப்பினேன்."

"எதைச் சரி பண்ணினீங்க?"

"போன் மஞ்சளாக் காட்டுதுல்ல, அதைத்தான். கீழ ஒரு கோடு வருது, அதை இழுத்தா மஞ்சள் குறையுது. சுவரையும் படத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ரெண்டும் ஒண்ணா ஆகுறவரைக்கும் கால்மணி நேரம் இழுத்தேன்டி. உனக்குச் சிரமம் இருக்கக் கூடாதுன்னு."

"நானும் கழிச்சேன் அண்ணி."

"எதை?"

"அதே மஞ்சளை."

அண்ணி ஏணிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு அவள் தோள் குலுங்கிற்று. அழுகிறாள் என்று துளி பயந்தாள். அழுகையில்லை; சிரிப்பு. "ஒரு வீட்டுல ஒரு கெட்டிக்காரிதான் இருக்கணும். ரெண்டு பேர் இருந்தா இந்தக் கதிதான். நீ வந்து சேரு. வர்ற வழியிலயும் பேசிக்கிட்டே வா, எனக்குக் கை கால் ஓடல."

துளி ஸ்டெய்னர் புட்டிகளைச் சாப்பாட்டுப் பையில் நிற்க வைத்து, ஒரு சின்ன வெள்ளை டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். முதலாளி கணக்கு மேசையிலிருந்து நிமிராமலே, "அஞ்சு மணி," என்றார்.

பேருந்தில் முக்கால் மணி நேரம். அழைப்பு அறுபடவே இல்லை. அந்தப் போனின் தலையாய குணம் அது. படம் மட்டும் அடிக்கடி உறைந்து, அண்ணியை வாய் பிளந்த நிலையில் நிறுத்திவைத்தது. பக்கத்து இருக்கைப் பெண் எட்டிப் பார்த்து, "உங்க வீட்டுல யாருக்காவது உடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். "சுவருக்குத்தாங்க. நீலம் பாரிச்சுப்போச்சு," என்றாள் துளி. அந்தப் பெண் அதற்குப் பிறகு சன்னல் வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தாள்.

காத்திருப்பறையில் நுழைந்து சுவரை நேரே கண்டபோது துளிக்கு ஒரு மர்மம் விளங்கிற்று. அது ஒரு பச்சையே அல்ல. சன்னல் பக்கம் வெயில் தின்று தின்று, வாடிய இலைபோல் வெளிறியிருந்தது. கதவுப் பக்கம் அதே பச்சை கொழுந்தின் செழிப்போடு இருந்தது. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, கண்ணுக்குத் தெரியாத படிகளில் அது இறங்கிக்கொண்டே வந்தது. எத்தனை நல்ல படம் வந்திருந்தாலும் ஒரு டப்பா நிறத்தால் அதை மூடியிருக்க முடியாது.

"ரெண்டு கலவை வேணும் அண்ணி. இந்தப் பக்கத்துக்கு ஒண்ணு, அந்தப் பக்கத்துக்கு ஒண்ணு. நடுவுல ரெண்டையும் ஈரத்தோட ஈரமா நீங்கதான் இழைக்கணும்."

"இழைச்சுட்டாப் போச்சு. நீ நிறத்தைக் கொண்டா."

ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு நிறம். பெயின்டின் குணம் அது. ஒவ்வொரு முறையும் அட்டையில் தீற்றிக் காய்வதற்குக் காத்திருக்க நேரம் இல்லை. துளி தன் போனை எடுத்தாள். முக்கால் மணி நேரம் வீடியோ பேசியதில் அது தோசைக்கல்லாய்க் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் அதைக் குப்புறக் கவிழ்த்து, தீற்றிய அட்டையை அதன் முதுகில் கிடத்தினாள். இரண்டு நிமிடத்தில் காய்ந்தது. சுவரோடு சேர்த்துப் பார்த்தாள்; மஞ்சளில் இரண்டு துளி. மறுபடி முதுகில் கிடத்தினாள். கறுப்பில் ஊசிமுனை அளவு. மறுபடி.

கன்னம் வீங்கிய பெரியவர் ஒருவர், நான்கு மணிக்கு வரச்சொன்னவர், ஒன்றரைக்கே வந்து உட்கார்ந்திருந்தார். வாய் திறக்க முடியாமல் திறந்து, "அது என்ன போன் தாயி? சமையலும் பண்ணுமா?" என்றார்.

"விலை கம்மிங்க. அதனால எல்லாம் பண்ணும்," என்றாள் அண்ணி ரோலரைத் தோய்த்துக்கொண்டே.

போன் ஆறத் தொடங்கினால் துளி அதில் ஏதேனும் ஒரு வீடியோவை ஓடவிடுவாள், மீண்டும் சூடேறும். அட்டை ஒன்பதாம் முறை காய்ந்தபோது, சுவரின் மேல் வைத்த அட்டை எங்கே என்று அவளே ஒரு கணம் தேடினாள். அதுதான் வேண்டியது.

அண்ணி அடித்தாள். இடமிருந்து ஒரு பச்சை, வலமிருந்து ஒரு பச்சை, நடுவில் இரண்டும் ஒன்றன் கையை ஒன்று பற்றிக்கொள்ளும்படி, மூச்சைக்கூட அளந்து விட்டாள். ஓரங்களை உலர்ந்த தூரிகையால் தட்டித் தட்டிக் கரைத்தாள். இரண்டே கால் மணிக்கு இறங்கி வந்து, எட்ட நின்று பார்த்து, நாத்தனாரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள். கை முழுதும் பச்சை என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

சொன்ன சொல்படி நான்கு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, சுவரின் நீளத்துக்கு நடந்தார். திரும்பி நடந்தார். ஒரு கண்ணை மூடினார். பல்லைப் பார்க்கும் சிறு விளக்கை எடுத்து வந்து சுவரில் பக்கவாட்டாக அடித்துப் பார்த்தார்.

"இதோ," என்றார் டாக்டர். கடிகாரத்துக்குக் கீழே ஓரிடத்தைத் தட்டினார். "மோசமில்ல. ஆனா இங்க தெரியுது பாருங்க, ஓரம்."

அண்ணி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். துளி அவர் தட்டிய இடத்தருகே வந்தாள். மெல்லச் சொன்னாள்: "டாக்டர், அது பழைய சுவருங்க."

"இருக்காதே."

"நாங்க அந்தப் பக்கமே போகல."

டாக்டர் பெரியவரைப் பார்த்தார். "அலமாரி எங்க நின்னதுன்னு எனக்கே இப்ப சரியா ஞாபகம் இல்ல. ஐயா, நீங்க இங்கயே உக்காந்திருந்தீங்களே. இவங்க எங்க அடிச்சாங்க?"

பெரியவர் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சுவரை மேலும் கீழும் பார்த்தார். "பார்த்துக்கிட்டேதான் இருந்தேன், டாக்டர். இப்ப எனக்கே தெரியல. வேணும்னா மோந்து பாருங்க. புதுப் பெயின்ட் வாசனை அடிக்கும்ல."

டாக்டர் தயங்கவில்லை. உண்மையை நாடுபவர் வெட்கம் பார்ப்பதில்லை. சுவருக்கு அரைச் சாண் தூரத்தில் மூக்கை வைத்து, கடிகாரத்தடியிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்தார். அங்கிருந்த ஐந்து நோயாளிகளும் பல்வலி மறந்து கழுத்தை நீட்டினார்கள்.

"இன்னும் கொஞ்சம் இடப்பக்கம், டாக்டர்," என்றார் பெரியவர்.

"சும்மா இருங்கய்யா," என்றார் டாக்டர், மூக்கை எடுக்காமல். நான்கடி நகர்ந்து நின்றார். இரண்டு முறை இழுத்து முகர்ந்தார். பிறகு நிமிர்ந்து, அந்த இடத்தைக் கண்ணால் துருவினார், பின்வாங்கிப் பார்த்தார், முன்னேறிப் பார்த்தார். "கண்டுபிடிச்சிட்டேன்," என்றார், வெற்றிக்குரிய குரலில் அல்ல.

"மூக்கால கண்டுபிடிச்சீங்க," என்றாள் அண்ணி. "நம்ம பேச்சு கண்ணைப் பத்திதாங்க."

டாக்டர் அண்ணியையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் முழுவதும் மெல்ல மெல்லச் சிரிப்புப் பரவிற்று. பற்கள் எல்லாம் ஒரே நிறம். "சரிதான். திங்கக்கிழமை மேல்மாடியிலேருந்து ஆரம்பிங்க. அடுத்தது யாரு? ஐயா, நீங்க வாங்க."

துளி வாசற்படிக்கு வந்து முதலாளியை அழைத்தாள். குரல் பக்கத்தில் நின்று பேசுவதுபோல் தெளிவாகக் கேட்டது.

"சொல்லு துளி. மணி நாலே முக்கால்."

"திங்கக்கிழமையிலேருந்து வரல, முதலாளி."

மறுமுனையில் டப்பா மூடியைத் தட்டி அடைக்கும் ஓசை இரண்டு முறை கேட்டது. "அப்ப சுவர் ஜெயிச்சிடுச்சு."

"ஜெயிச்சிடுச்சு. மூணு மாடி."

"பெயின்ட் எங்க வாங்கப் போற?"

"உங்ககிட்டதான். ஆனா இனிமே நான் வாடிக்கையாளர். வந்தா நாற்காலி போடணும்."

"போடுறேன். புதுப் பொண்ணுக்குக் கை பழகுறவரைக்கும் நிறத்தை யாரு கலக்குறது?"

"நான்தான்," என்றாள் துளி. "அந்த நாற்காலியில உக்காந்துக்கிட்டே கலக்குறேன்."