குழாய்க்காரன் வராத புதன்கிழமை

மூன்றாவது பாட்டும் முடிந்தது. கைதட்டல் இல்லாமல் இல்லை. கூடத்தில் இருந்த பதினான்கு பேரும் தட்டினார்கள். ஆனால் பக்கத்தில் கைக்குழந்தை தூங்குவதைப் போல, விரல் நுனியால் தட்டினார்கள். அது அடங்கியதும் மின்விசிறியின் சத்தம் மட்டும் மிஞ்சியது.

ஹம்சினி கிடாரை மடியில் சாய்த்துக்கொண்டு அவர்களைப் பார்த்தாள். பல் டாக்டரிடம் தன் முறைக்காகக் காத்திருப்பவர்களின் முகம் எல்லோருக்கும்.

கல்கத்தாவின் பவானிபூரில் ஒரு பழைய வீட்டின் மாடிக்கூடம் அது. வீட்டுக்காரர் ராகுல், ஊருக்கெல்லாம் ராகுல்தா என்கிற ராகுல் அண்ணன், புதன்கிழமை தவறாமல் சாயங்காலம் ஆறரை மணிக்கு யாரையாவது அங்கே பாடவைப்பார். ஒரு ஆள், ஒரு வாத்தியம், மைக் கிடையாது, இடைவேளையில் டீயும் வெஜிடபிள் சாப் என்கிற காய்கறிப் போண்டாவும் உண்டு. வருகிறவர்களில் பாதிப் பேர் சாப்புக்காக வருகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. ராகுல்தா அதை மறுத்ததில்லை.

ஹம்சினிக்கு முப்பத்தாறு வயது. பகலில் இன்ஷூரன்ஸ் ஆபீசில் மற்றவர்களுடைய விபத்துகளைப் படித்துக் கையெழுத்துப் போடும் உத்தியோகம். நான்கு தலைமுறையாகக் கல்கத்தாவில் இருக்கும் குடும்பம். வங்காளியில் அவளால் சண்டை போட முடியும், பேரம் பேச முடியும், கனவுகூட காண முடியும். பாட்டு மட்டும் தமிழில்தான் வந்து தொலைக்கும். இன்றைக்குப் பாடிய மூன்றையும் மூன்று வருஷமாக எழுதியிருந்தாள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் ரத்தம் இருந்தது. அந்த ரத்தத்தைத்தான் மின்விசிறி ஆற்றிக்கொண்டிருந்தது.

நான்காவது பாட்டின் வரிகளுக்காக எதிரே ஸ்டாண்டில் இருந்த கைபேசியைத் தொட்டாள். பாட்டுக்குப் பதிலாக அம்மா காமுவின் செய்தி வந்து நின்றது. பெஹாலா வீட்டிலிருந்து அனுப்பியது. காமுவுக்கு நிறுத்தற்குறிகளில் நம்பிக்கை கிடையாது.

"வரும்போது லேக் மார்க்கெட்ல வாழைப்பூ வாங்கிண்டு வா மேல்மடல் கருத்திருந்தா வேண்டாம் காபிப்பொடி காக்கிலோ சிக்கரி கம்மி போன தடவை வாங்கின அப்பளம் பொரியவே இல்லை எண்ணெயில போட்டா மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறது குழாய்க்காரன் திங்கட்கிழமை வரேன்னான் இன்னும் வரலை ராத்திரி பூரா சொட்டு சொட்டுனு ஒழுகறது எனக்குத் தூக்கமே இல்லை"

ஹம்சினி இதை இரண்டு முறை படித்தாள். வயிற்றுக்குள் ஏதோ குறுகுறுத்தது. பள்ளிக்கூடத்தில் பிரேயர் நேரத்தில் அவளை வெளியே நிற்கவைத்த அதே குறுகுறுப்பு.

"அடுத்தது மிகப் பழைய பாட்டு," என்று வங்காளியில் சொன்னாள். "எழுதியது யாரென்று தெரியாது. ஒரு பெண் காத்திருக்கிறாள். அவ்வளவுதான் சொல்ல முடியும்."

உண்மையில் அந்தப் பாட்டுக்கு வயது இரண்டு நிமிஷம்.

தந்தியை மெல்ல வருடி, சோகமான ஒரு மெட்டில் "வாழைப்பூ..." என்று எடுத்தாள். 'மேல்மடல் கருத்திருந்தால்' என்ற இடத்தில் குரலை நடுங்கவிட்டாள். அப்பளம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும் இடத்தில் கண்ணை மூடினாள். குழாய்க்காரன் வந்ததும் மெட்டை மேலே ஏற்றி, "இன்னும் வரலை" என்பதை மூன்று விதமாகத் திருப்பித் திருப்பிப் பாடினாள். "சொட்டு சொட்டு" என்ற சொல்லுக்கு மெல்லிய தந்தியில் ஒவ்வொரு துளியாக விழவைத்தாள். தூக்கமே இல்லை என்று முடித்தபோது கூடத்தில் யாரோ பெருமூச்சு விட்டார்கள்.

கைதட்டல் இந்த முறை உள்ளங்கையிலிருந்து வந்தது.

கண்ணைத் திறந்தாள். மூன்றாவது வரிசையில் நீலச் சட்டை போட்ட பெரியவர் ஒருவர் கைக்குட்டையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். தோள்கள் குலுங்கின. நெற்றியில் விபூதிக் கீற்று.

'தமிழ்,' என்று நினைத்தாள் ஹம்சினி. 'தொலைந்தேன்.'

ராகுல்தாவும் அவரைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் போய்க் குனிந்து, "அண்ணா, நீங்கள் தமிழரா? இவ்வளவு கலங்கிவிட்டீர்களே. எங்களுக்கும் அர்த்தம் சொல்லக் கூடாதா?" என்று வங்காளியில் கேட்டார்.

பெரியவர் கைக்குட்டையை எடுத்தார். கண்ணில் நிஜமாகவே தண்ணீர். எழுந்து நின்று தொண்டையைச் செருமிக்கொண்டார். வங்கியில் முப்பத்தெட்டு வருஷம் அதிகாரியாக இருந்தவர், பெயர் சிவராமகிருஷ்ணன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். ஹம்சினி கிடாரின் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள்.

"அவன் திங்கட்கிழமை வருவதாக வாக்குக் கொடுத்தான்," என்று ஆரம்பித்தார் அவர், சுத்தமான வங்காளியில். "இன்று புதன். இன்னும் வரவில்லை. இரவு முழுவதும் நீர் வழிந்துகொண்டே இருக்கிறது. அதை நிறுத்த அவன் ஒருவனால்தான் முடியும். அவளுக்கு உறக்கமில்லை."

"ஆஹா," என்றது கூடம்.

அவர் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை. ஹம்சினி அவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தார்.

முன் வரிசையில் ஜோல்னாப் பை வைத்திருந்த நிர்மால்யபாபு நோட்டில் வேகமாக எழுதிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற சமஸ்கிருதப் பேராசிரியர். பக்கத்தில் அவர் மனைவி, கஞ்சி போட்ட வெள்ளைப் புடவையில், எதிலும் அசையாத முகத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு சந்தேகம்," என்றார் பேராசிரியர். "நடுவே 'காபி' என்று வந்தது. கபி என்றால் குரங்கு. அனுமன் தூது வருகிறானா?"

சிவராமகிருஷ்ணன் ஒரு நொடி தயங்கினார். முப்பத்தெட்டு வருஷ நேர்மை அந்த நொடியில் அவர் முகத்தில் வந்து போனது.

"தூது மாதிரிதான்," என்றார். "கறுத்த நிறம். விடியற்காலையில் வருவான். அவன் வராத நாளில் அவளுக்குத் தலைவலி."

பேராசிரியர் அதையும் எழுதிக்கொண்டார்.

இதற்கு மேல் ஹம்சினியைப் பிடித்து நிறுத்த யாராலும் முடியாது. அடுத்த பாட்டை அங்கேயே கட்டினாள். நீலச் சட்டைக்காரரை நேராகப் பார்த்துக்கொண்டு, உருகி உருகிப் பாடினாள்:

"நீலச் சட்டை மாமா, சிரிக்காதீங்கோ. நீங்க சிரிச்சா நானும் சிரிச்சுடுவேன். சிரிச்சா மானம் போயிடும். உங்களை நம்பித்தான் இருக்கேன்."

சிவராமகிருஷ்ணன் இந்தத் தடவை எழுந்திருக்கும்போதே கைக்குட்டை தயாராக இருந்தது. "நீல வண்ணனே, புன்னகைக்காதே," என்று மொழிபெயர்த்தார். "நீ புன்னகைத்தால் நான் என்னை இழப்பேன். உன்னையே சரணடைந்தேன்."

"கிருஷ்ணன்," என்று நான்கைந்து பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பின் வரிசையில் ஒரு பாட்டனார் கைகூப்பினார். தங்களுக்கே புரிந்துவிட்ட சந்தோஷத்தில் கூடம் சற்று நிமிர்ந்து உட்கார்ந்தது.

அப்போதுதான் பேராசிரியரின் மனைவி வாயைத் திறந்தாள். தமிழில்.

"ஏம்மா, அந்தக் கொழாய்க்காரன் வரலன்னா வேற ஆளக் கூப்டறதுக்கின்னா? ஒரே ஆள நம்பிக்கினு ராவெல்லாம் முழிச்சிக்கினு கெடப்பாங்களா?"

ஹம்சினியின் கை தந்திமேல் தப்பாக விழுந்து ஒரு அபசுரம் எழுந்தது. கஞ்சிப் புடவையும் தங்க விளிம்புக் கண்ணாடியும் போட்ட வங்காளி மாதுவின் வாயிலிருந்து வேலூர் ஆட்டோ ஸ்டாண்ட் பேசியது. சிவராமகிருஷ்ணன் மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாசிமா, உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" ராகுல்தா வியந்துபோனார். "என்ன கேட்டீர்கள்?"

அம்மாள் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள். "வராதவனையே நம்பி அவள் ஏன் உறக்கத்தைத் தொலைக்க வேண்டும், வேறொருவனை அழைக்கக் கூடாதா என்று கேட்டேன்," என்றாள் வங்காளியில், அதே அசையாத முகத்தோடு.

கூடம் சிரித்தது. அன்று மாலை முதல் சிரிப்பு.

டீ வந்தது. அந்தச் சந்தடியில் ஹம்சினி நேராக அம்மாளிடம் போய் நின்றாள். சிவராமகிருஷ்ணனும் குற்றவாளியைப்போல வந்து சேர்ந்தார்.

"மாசிமா, மன்னிச்சுக்கோங்கோ," என்றாள் ஹம்சினி. "வேணும்னே பண்ணலை. இல்லை, வேணும்னேதான் பண்ணினேன்."

"நல்லாத்தான் பண்ண," என்றாள் அம்மாள். "இவருக்கு ஆபரேசன்னு வேலூர்ல ஒம்போது மாசம் லாட்ஜ்ல இருந்தோம். இவரு பெட்ல. நான்தான் கடைக்கு, மருந்துக்கு, ஆட்டோக்காரங்கிட்ட சண்டைக்கு எல்லாம். அதான் இவருக்கு ஒரு வார்த்தை தெரியாது." சற்றுத் தள்ளி நோட்டும் கையுமாக நின்ற கணவரைப் பார்த்தாள். "சொல்லாத. இவ்ளோ குஷியா அவரைப் பாத்து ரொம்ப நாள் ஆச்சு."

ஹம்சினி ஒத்துக்கொண்டாள். ஆனால் அந்த ஒப்பந்தம் ஒரு கோப்பை டீ ஆறும் நேரம்கூடத் தாங்கவில்லை. பேராசிரியர் அவளிடமே வந்துவிட்டார். தான் எழுதும் சிறுபத்திரிகையின் துர்கா பூஜை இதழில் இந்த இரண்டு பாடல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதப் போவதாகவும், அந்தக் குரங்குத் தூதைப் பற்றிக் கூடுதலாக ஒரு பக்கம் வரும் என்றும் சொன்னார். கண்கள் மின்னின. அச்சில் வரும் அந்தப் பக்கத்தை ஹம்சினி மனதுக்குள் பார்த்தாள். அம்மா கேட்ட காபிப்பொடி அனுமனாக அங்கே உட்கார்ந்திருந்தது.

இடைவேளை முடிந்து கிடாரை எடுத்தவள், பாடவில்லை.

"ஒரு விஷயம் சொல்ல வேண்டும்," என்றாள். "அந்த நான்காவது பாட்டு பழைய பாட்டு இல்லை. என் அம்மா இன்றைக்கு அனுப்பிய கடைச் சாமான் பட்டியல். வராதவன் குழாய் ரிப்பேர் செய்கிறவன். கபி என்பது காபி. நீல வண்ணன் அதோ உட்கார்ந்திருக்கிற மாமா. அவர்மேல் தப்பில்லை."

மின்விசிறி சுற்றியது. யாரும் சாப்பைக்கூடக் கடிக்கவில்லை. ராகுல்தா ஜன்னலைப் பார்த்தார். பேராசிரியர் நோட்டை மெதுவாக மூடி, மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஹம்சினி எழுந்து ஓடிவிடலாமா என்று வாசற்கதவின் தூரத்தை அளந்தாள்.

"பட்டியலில் முதலில் என்ன?" என்றார் பேராசிரியர்.

"வாழைப்பூ. மேல்மடல் கருத்திருந்தால் வாங்கக் கூடாது."

"அது தவறு," என்றார் அவர், வகுப்பில் சொல்வதுபோல. "மேல்மடல் கருத்திருந்தால் என்ன? அதைத்தான் உரித்துப் போடப் போகிறோமே. உள்ளே பூவைப் பார்க்க வேண்டும்."

"கருத்தால் கசக்கும்," என்றது இரண்டாவது வரிசை.

"யார் சொன்னது? முந்தின நாள் இரவே மஞ்சள் தண்ணீரில் போட்டால் ஏன் கசக்கும்?"

"இரவெல்லாம் ஊறினால் சக்கை. ஒரு மணி நேரம் போதும்."

கைகூப்பிய பாட்டனார் எழுந்தே விட்டார். வாழைப்பூவில் தேங்காயா, இறாலா என்று அவர் கேட்டதுதான் தாமதம், பதினான்கு பேரும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். ஒன்றரை மணி நேரமாக மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்த கூடமா இது என்று ஹம்சினி பார்த்துக்கொண்டிருந்தாள். சிவராமகிருஷ்ணன் இறால் கட்சியில் சேர முடியாமலும் சும்மா இருக்க முடியாமலும், பருப்பு உசிலி என்று ஒன்று இருப்பதை யாரிடமோ விளக்கிக்கொண்டிருந்தார்.

"பாட்டை மறுபடி பாடு," என்றாள் ஒரு பெண். "இந்தத் தடவை ஒவ்வொரு வரிக்கும் அர்த்தத்தோடு."

பாடினாள். ஒரு வரியையும் முழுசாக முடிக்க விடவில்லை. சிக்கரி வேண்டுமா கூடாதா என்று ஒரு சண்டை. அப்பளத்தை வெயிலில் காயவைக்கச் சொல்லி ஒரு யோசனை. குழாய் வரிக்கு வந்தபோது, பெஹாலாவில் நம்பத்தகுந்த ஆள் என்று மூன்று பேர் மூன்று நம்பர்களைக் கத்திச் சொன்னார்கள். நடுநடுவே, "கொஞ்சம் இரு, அந்த 'இன்னும் வரலை'யை மட்டும் இன்னொரு தடவை," என்று கேட்டுப் பாடவைத்தார்கள். மூன்றாம் தடவை கூடமே சேர்ந்து "இன்னும் வரலை" என்றது. பேராசிரியரின் உச்சரிப்பு சுமார்தான். அவர் மனைவி பக்கத்திலிருந்து ரகசியமாகத் திருத்தினாள். அவர் திடுக்கிட்டுத் திரும்பி அவளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமாம், ஆரம்பத்திலேயே எல்லாம் தெரியும்," என்றாள் அவள். "பாட்டைக் கவனி."

எட்டரை மணிக்குக் கச்சேரி ஒருவழியாக ஓய்ந்தது. ஹம்சினி கிடாரை உறையில் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். கீழே மழை. நடைவாசலில் சிவராமகிருஷ்ணன் குடையை விரித்தபடி நின்றிருந்தார்.

"மெட்ரோவுக்குத்தானே? வா, ஸ்டேஷன் வரைக்கும் கொண்டுவிடறேன்," என்றார்.

"உங்களைப் பொய் சொல்ல வெச்சுட்டேன் மாமா."

"முப்பத்தெட்டு வருஷம் ஆபீசில ஒரு பொய் சொன்னதில்லை," என்றார் அவர், குடையை அவள் பக்கம் சாய்த்துக்கொண்டே. "இவ்வளவு நல்லா இருக்கும்னு யாரும் சொல்லலையே."

சாலையில் தண்ணீர் கணுக்காலுக்கு ஏறியிருந்தது. இருவரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.