மூன்றாவது ஹெட்போன்

இருப்பதிலேயே விலை கூடிய ஹெட்போனை என் தலையில் கட்டப் பார்த்தார் கடைக்காரர். நான் மசியவில்லை. அலுத்துப்போய், "உங்களுக்கு மனப்பாடமான எதையாவது போட்டுக் கேளுங்கம்மா. வித்தியாசம் தானா தெரியும்" என்றார்.

எனக்கு மனப்பாடம், அக்கா அனுப்பிய குரல்பதிவுதான். கல்யாணமாகிப் போனபின் அவள் போனையே எடுப்பதில்லை. இது ஒன்றுதான் வந்தது.

"நான் நல்லா இருக்கேன்டி. யாரும் இங்க வர வேணாம்."

முதல் ஹெட்போனில் வெறும் இரைச்சல். விலை கூடியதில் காது அதிர்ந்ததுதான் மிச்சம். மூன்றாவது, பெட்டி நசுங்கிய மலிவுச் சரக்கு. அதில் அக்கா மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது.

"எப்படிம்மா இருக்கு?" என்றார் கடைக்காரர்.

கையைக் காட்டி அவரை அடக்கினேன். மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டேன். அக்கா வாய் திறக்கும் முன்பே, அறையின் ஏதோ மூலையிலிருந்து அவள் புருஷனின் குரல்:

"இந்தத் தடவயாவது அழாம சொல்லு."