பல் டாக்டர் முணுமுணுத்த மெட்டு

1

கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்குக் கிடைத்த கதை இது. டிரைவிங் டீச்சர் பக்கத்து இருக்கையில், தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கில் காலை வைத்தபடி, தனக்கு நடந்ததைச் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் முடிப்பதற்குள் எனக்கு லைசென்ஸ் வந்துவிட்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அந்தி மயங்கும் வேளையில், ஒரு கடைவாய்ப் பல்லின் ஆழத்தில்...'

வேண்டாம். பல்லுக்கு எதற்கு அந்தி?

2

டீச்சருக்குக் கடைவாய்ப் பல் வலி உயிரை எடுத்தது. கன்னம் பன் மாதிரி வீங்கிவிட்டது. அவர் 'கிளட்ச்' என்று சொன்னதை வேறு எப்படியோ புரிந்துகொண்டு, ஒரு மாணவர் கதவைத் திறந்து இறங்கியே போய்விட்டார். அப்படியும் டீச்சர் டாக்டரிடம் போகவில்லை.

காரணம், அவர் பார்த்து முடித்திருந்த ஒரு அனிமே, அதாவது ஜப்பானியக் கார்ட்டூன் தொடர். ஊரில் ஒவ்வொருவராகக் கொலையாகிறார்கள். எல்லோரும் போஸ்ட்மேனைச் சந்தேகிக்கிறார்கள். கடைசியில் பார்த்தால் கொலைகாரன் பல் டாக்டர். சாது, வட்டக் கண்ணாடி, கொலைக்கு முன் ஒரு மெட்டை முணுமுணுப்பான். டீச்சரின் பல் டாக்டரும் சாது. வட்டக் கண்ணாடி.

எனவே, தொடருக்கு மூலமான மாங்காவை* வாங்கிப் படிக்கத் தொடங்கினார்.

"அதான் படமா பாத்துட்டியேக்கா. இனி என்னத்தப் படிக்கிற?" என்றாள் தங்கை.

"படம் எடுத்தவங்க முடிவ மாத்தியிருப்பாங்க. புத்தகத்துல போஸ்ட்மேனாவே இருக்கலாம்ல?"

"இருந்தா?"

"நிம்மதியா போய்ப் பல்லக் காட்டலாம்."

(* ஜப்பானியப் படக்கதை. பல் வலிக்கு மாங்காய் எப்படி உதவும் என்று நான் கேட்டதும் டீச்சர் பிரேக்கை அழுத்தி, காரை ஓரங்கட்டி விளக்கினார்.)

3

இந்த இடத்தில் எனக்கு டீச்சர் மேல் சந்தேகம் வந்தது. முன்பின் தெரியாதவர்கள் கையில் தினமும் ஸ்டியரிங்கைக் கொடுக்கிறவர், டாக்டரிடம் வாயைத் திறக்கவா பயப்படுவார்? பிறகு புரிந்தது. பல் டாக்டரின் நாற்காலியில் இரண்டாவது பிரேக் கிடையாது.

வலி கதையை முந்திக்கொண்டது. கடைசிக்கு முந்தைய தொகுதியோடு கிளினிக்கில் காத்திருந்தார். திறந்திருந்த பக்கத்தில் கொலைகாரன் வெறும் நிழல்; வாயருகே வெறும் அடையாளத்துக்குச் சில இசைக்குறிகள். காகிதத்தில் மெட்டு ஏது? ஆனால் அனிமே பார்த்த டீச்சருக்கு அது காதில் கேட்டது.

நாற்காலியில் சாய்ந்ததும் டாக்டர் புத்தகத்தைக் கவனித்தார்.

"நீங்களும் இதப் படிக்கறீங்களா? நானும் இதே தொகுதியிலதான் இருக்கேன். அனிமே பாக்கல. கொலைகாரன் யாருன்னு மட்டும் சொல்லிடாதீங்க. எனக்கு அந்த போஸ்ட்மேன் மேலதான் டவுட்டு."

ஊசி போட்டார். டீச்சரின் நாக்கு வேறு யாருடையதோ ஆனது.

"வலிச்சா கையத் தூக்குங்க" என்றார் டாக்டர். கருவியைத் தேடிக்கொண்டே மெல்ல முணுமுணுத்தார்.

அதே மெட்டு.

[புத்தகத்தில் இருக்க முடியாத மெட்டு. அனிமே பார்க்காதவர் வாயில். இதற்கு என்னிடம் விளக்கம் இல்லை.]

4

முடிவு ஒன்று: கழுத்தில் கட்டிய காகிதத் துண்டோடு டீச்சர் தெருவில் ஓடுகிறார். பின்னால் டாக்டர்... சரிவராது. பல் அப்படியே இருக்கும்.

முடிவு இரண்டு: அது எல்லா லிஃப்டிலும் ஒலிக்கிற மெட்டுதான் என்று தெரிய... இதை நானே நம்பமாட்டேன்.

நான் கேட்ட வரையில் நடந்தது இது. டீச்சர் கையைத் தூக்கினார்.

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையேங்க."

"அந்தப் பாத்து எங்க கேத்தீங்க?" என்றார் டீச்சர், மரத்த வாயால். "கொலகாதன்..."

டாக்டரின் முகம் வெளிறியது. "சொல்லாதீங்க" என்று கருவியைப் போட்டுவிட்டு இரு காதுகளையும் பொத்திக்கொண்டார். ஒரு சொல்லும் காதில் விழுந்துவிடக் கூடாதென்று, அந்த மெட்டையே இன்னும் உரக்க முணுமுணுத்தார்.

டாக்டர் நிறுத்தினால்தான் டீச்சர் கேட்க முடியும். இவர் கேட்பதை விட்டால்தான் அவர் நிறுத்துவார்.

டீச்சர் உயிரோடு வந்துதானே கதை சொன்னார் என்பீர்கள். உண்மைதான். சொன்னபோது அவர் கன்னமும் வீங்கித்தான் இருந்தது. அது பழைய வீக்கமா, பிடுங்கிய பின் வந்த வீக்கமா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இருவரையும் உங்களிடம் விட்டுப் போகிறேன். அவரைக் காதைத் திறக்க வையுங்கள், அல்லது இவரைக் கையை இறக்க வையுங்கள். எதுவானாலும் கொஞ்சம் சீக்கிரம். ஊசியின் மரமரப்பு இறங்கிக்கொண்டிருக்கிறது.